சுல்தானா முதல் ஜீனோ வரை: அறிவியல் புனைகதைகள் பேசும் அரசியல் என்ன?

ஏ.ஐ. வந்தா நம்ம வேலை போயிடுமா? இப்போது எல்லோரும் கேட்கும் இந்தக் கேள்வி ஆரணி, செய்யாறு வட்டார நெசவாளர்களுக்குப் புதுசு இல்லை. கைத்தறிக்குப் போட்டியாக விசைத்தறி வந்தபோதே எழுந்த கேள்விதான் இது. இயந்திரம் யார் கையில், அதன் பலன் யாருக்கு? அறிவியல் புனைகதைகளின் அரசியலும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

தறியில் தொடங்கிய கனவு

தறியின் நாடா தானாகவே ஓடினால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்று சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். ஆனால் தறி தானாக ஓடத் தொடங்கிய பிறகும் உழைப்புச் சுரண்டல் ஒழியவில்லை.

1905: பெண்கள் ஆளும் நாடு

வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதை, சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழ் ஒன்றில்தான் முதலில் வெளியானது. அதில் ஆண்கள் வீட்டுக்குள் இருப்பார்கள், பெண்கள் ஆட்சி செய்வார்கள். சூரிய வெப்பத்தில் சமையல், பறக்கும் வாகனம் எல்லாம் உண்டு. தினமும் 2 மணி நேரம் வேலை பார்த்தால் போதும்.

1940-கள்: பெரியாரின் எதிர்காலம்

பெரியாரின் 'இனிவரும் உலகம்' கதையல்ல, கட்டுரை. சட்டைப்பையில் கம்பியில்லாத் தகவல் கருவி, சோதனைக்குழாய் குழந்தை ஆகியவற்றை அதில் முன்கூட்டியே சொன்னார். அவருடைய கணிப்பில் பாதிதான் நடந்தது. கருவி நம் கைக்கு வந்துவிட்டது. அரசனும் பணமும் தேவைப்படாத, உழைப்பு நேரம் குறைந்த சமூகம் வரவில்லை.

1980-கள்: சுஜாதாவின் எச்சரிக்கை

ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' இதற்கு நேர் எதிர். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் பெயருக்கு 2 எழுத்துதான். குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும். கடைசியில் அந்த ஜீவாவே ஒரு பொய் பிம்பம் எனத் தெரியவரும். அதைக் கண்டுபிடிக்க நிலாவுக்கு உதவுவது ஜீனோ என்ற ரோபோ நாய். ஆக, அடக்குவதற்கும் இயந்திரம், விடுவிப்பதற்கும் இயந்திரம்.

இன்று ஏன் முக்கியம்?

இயந்திரத்துக்கு எல்லை போடுவது கதையில் மட்டும் நடப்பதல்ல. 1985-ம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, சேலை, வேட்டி உள்பட 11 வகைத் துணிகளில் குறிப்பிட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது. இந்த எல்லையைப் போட்டது இயந்திரம் இல்லை, அரசு. ஏ.ஐ.க்கு அப்படியொரு எல்லை வேண்டுமா என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.