நெகிழ்வட்டு ஓய்வு பெற்ற கதை

அமெரிக்காவின் அணு ஆயுதப் படைகளுக்கு அவசர உத்தரவுகளை அனுப்பும் கணினி அமைப்பு, 2019ஆம் ஆண்டு வரை எதை நம்பி இயங்கிக் கொண்டிருந்தது தெரியுமா? 8 அங்குல ஃப்ளாப்பியை! நாம் 'சேவ்' பொத்தானில் பார்க்கும் சின்ன ஃப்ளாப்பி கூட இல்லை, அதற்குத் தாத்தா. 1970களைச் சேர்ந்த ஐபிஎம் சீரிஸ்/1 கணினியும் இந்த வட்டுகளும்தான் அங்கே வேலை செய்தன. 2016ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு இதை அறிக்கையில் எழுதியபோது உலகமே சிரித்தது. மூன்று வருடம் கழித்து, 2019 ஜூனில், அந்த இடத்துக்கு நவீன சேமிப்புக் கருவி வந்தது.

ஒரு பழைய டிரைவைக் கழற்றிப் புதியதை மாட்ட ஏன் இவ்வளவு காலம்? இதைப் புரிந்துகொள்ள ஃப்ளாப்பியின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

பிறப்பு

1960களின் கடைசியில் ஐபிஎம் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. அதன் புதிய பெரிய கணினிகளில், இயந்திரத்தை இயக்கும் அடிப்படைக் கட்டளைகள் மின்சாரம் போனால் அழிந்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் கட்டளைகளில் திருத்தம் வந்தால் ஊர் ஊராக வாடிக்கையாளர்களுக்கு அனுப்பவும் வேண்டும். மலிவாக, தபாலில் போகக்கூடிய ஒரு பொருள் தேவைப்பட்டது. ஆலன் ஷுகார்ட், டேவிட் நோபல் ஆகியோரின் குழுக்கள் உருவாக்கிய 8 அங்குல வட்டு 1971ல் வெளிவந்தது. கொள்ளளவு சுமார் 80 கிலோபைட். அதில் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது.

1973ல் எழுதவும் கூடிய வட்டு வந்தது. அலுவலகங்களில் அடுக்கடுக்காகக் குவிந்திருந்த துளை அட்டைகளுக்கு அப்போதுதான் ஆபத்து ஆரம்பித்தது. ஆக, ஃப்ளாப்பியும் ஒரு காலத்தில் பழையதை விரட்ட வந்த புதுசுதான்!

1976ல் ஷுகார்ட் தொடங்கிய நிறுவனம் 5.25 அங்குல டிரைவைக் கொண்டுவந்தது. 1981ல் சோனியின் 3.5 அங்குல வட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையுடன். 1984ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அதை ஏற்றுக்கொண்டது. 1987ல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளோடு 1.44 மெகாபைட் வட்டு பரவியது. அடுத்த பத்து வருடத்துக்கு உலகம் முழுக்க அதுவே ராஜா.

ராஜா சரிந்தது எப்படி?

முதலில் அடித்தது கொள்ளளவு. ஒரு எம்பி3 பாட்டு கூட அதில் அடங்காது. 1994ல் ஐயோமெகா நிறுவனத்தின் ஸிப் டிரைவ் 100 மெகாபைட்டோடு வந்தது. பிறகு எழுதக்கூடிய சிடி. 1998ல் ஆப்பிள் தன் ஐமேக்கில் ஃப்ளாப்பி டிரைவையே வைக்கவில்லை. பலர் திட்டினார்கள். 2000ல் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது. ஐபிஎம் விற்ற ஒன்றின் கொள்ளளவு 8 மெகாபைட், அதாவது ஐந்து ஃப்ளாப்பிக்கும் மேல் ஒரு சாவிக்கொத்தில்! 2003ல் டெல் தன் வீட்டுக் கணினிகளில் ஃப்ளாப்பி டிரைவ் இனி கேட்டால்தான் என்றது. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை சோனி நிறுத்திக்கொண்டது.

வீடுகளில் கதை முடிந்தது. அரசு அலுவலகங்களில்தான் முடியவில்லை.

சட்டத்துக்குள் ஒளிந்திருந்த வட்டு

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். ரோபோ செய்யும் நாடு. ஆனால் விண்ணப்பத்தை ஃப்ளாப்பி, சிடி போன்றவற்றில் கொடுக்க வேண்டும் என்று அங்கே சுமார் 1,900 அரசு நடைமுறைகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2022 ஆகஸ்டில் டிஜிட்டல் துறை அமைச்சர் டாரோ கோனோ ஃப்ளாப்பி மீது போர் அறிவித்தார். 2024 ஜூன் கடைசியில், வாகன மறுசுழற்சி தொடர்பான ஒன்றைத் தவிர, ஃப்ளாப்பியைக் குறிப்பிட்ட 1,034 விதிகளும் நீக்கப்பட்டன. டிரைவ் மாற்ற அரை மணி நேரம் போதும். விதியை மாற்ற இரண்டு வருடம்.

அதே 2022ல் நடந்த இன்னொரு சம்பவம். யமகுச்சி மாகாணத்தில் அபு என்ற சிற்றூர். கொரோனா நிவாரணமாக 463 குடும்பங்களுக்குத் தலா 1 லட்சம் யென் கொடுக்க வேண்டும். நகராட்சி பெயர்ப் பட்டியலை ஃப்ளாப்பியில் வங்கிக்குக் கொடுத்தது. ஆனால் 4 கோடியே 63 லட்சம் யென்னும் ஒரே ஆளின் கணக்குக்குப் போய்விட்டது! ஊரெல்லாம் ஃப்ளாப்பியைத் திட்டியது. உண்மையில் வட்டில் இருந்த பட்டியல் சரிதான். அதோடு தவறுதலாகக் கொடுக்கப்பட்ட ஒரு காகித விண்ணப்பம்தான் வினை. பழைய கருவி கண்ணில் பட்டால் குற்றத்தை அதன் தலையில் போடுவது சுலபம்.

நம் நாட்டிலும் ஃப்ளாப்பி சட்டத்தில் ஏறியிருந்தது. டிடிஎஸ் விவர அறிக்கையை மின்னணு முறையில் தாக்கல் செய்ய 2003ல் வந்த திட்டத்தில், அனுமதிக்கப்பட்ட ஊடகங்களில் 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியும் ஒன்று.

செலவுக் கணக்கு

சான் பிரான்சிஸ்கோவின் முனி மெட்ரோ ரயில் இன்னும் சுவாரசியம். 1998ல் நிறுவிய ரயில் கட்டுப்பாட்டு அமைப்பில், தினமும் காலையில் 5.25 அங்குல ஃப்ளாப்பியிலிருந்து மென்பொருளை ஏற்ற வேண்டும். இதை மாற்ற 2024 அக்டோபரில் ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்துடன் 21.2 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரு ஃப்ளாப்பி டிரைவுக்கா இவ்வளவு? இல்லை. டிரைவை மாற்ற மென்பொருளை மாற்ற வேண்டும், அதற்குக் கணினியை, அதற்குக் கேபிளை, கடைசியில் மொத்த அமைப்பையே.

வணிகவியல் பாடத்தில் தேய்மானம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஏட்டில் இயந்திரத்தின் மதிப்பு சுழியமாகிவிடும், ஆனால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது அது 'இலவசமாக' உழைப்பது போலத் தோன்றும். உண்மையில் பராமரிப்பு ஏறிக்கொண்டே போகும். உதிரிபாகம் கிடைக்காது, பழுது பார்க்கத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிடுவார். முன்பு சொன்ன அதே 2016 தணிக்கை அறிக்கையின்படி, 2015 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசு தகவல் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கிய 8,000 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில் சுமார் முக்கால் பங்கு, இருப்பதை ஓட்டவும் பராமரிக்கவுமே போனது.

பழையதை வைத்திருந்தவர்கள் எல்லாரும் முட்டாள்களும் அல்ல. இணையத்தோடு இணைக்காத 8 அங்குல வட்டை எந்த ஹேக்கரும் தூரத்திலிருந்து தொட முடியாது. அணு ஆயுத அமைப்பை நடத்தியவர்கள் அதன் பாதுகாப்புக்குச் சொன்ன காரணமே அதுதான். வேலை செய்வதைக் கெடுக்காதே என்பதும் ஒரு நியாயமே.

ஆனால் காந்த வட்டுக்கு ஆயுள் உண்டு. அதைப் படிக்கும் டிரைவுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வட்டு பத்திரமாக இருந்தும் படிக்கக் கருவி இல்லாவிட்டால், உள்ளே இருப்பது பூட்டிய பெட்டிதான். புது டிரைவ் எப்போதும் கடையில் கிடைக்கும். பழைய டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும் நாட்கள்தான் எண்ணப்பட்டவை. தகவலை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியது அந்த நாட்களில்தான்.