பிறப்பும் நோயும்: மனச்சிதைவு ஆய்வின் வரலாற்றிலிருந்து சில பாடங்கள்

மனச்சிதைவு நோய், ஸ்கிசோஃப்ரினியா, பரம்பரை நோயா? பழவேற்காட்டுக் குப்பங்கள் வரை கல்யாணப் பேச்சில் எழும் இந்தக் கேள்விக்கு அறிவியலிலும் ஒரு வரலாறு உண்டு. தோழர்கள் அதை அறிந்துகொள்வது அவசியம்.

1916இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் ரூடின், நோயாளிகளின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்து ஒரு நூல் வெளியிட்டார். மெண்டலின் எளிய விதிக்குள் அவர் கணக்கு அடங்கவில்லை. ஆனாலும் 1933இல் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தார்கள். பிறகு மனநோயாளிகளை நச்சுவாயு அறைகளில் கொன்றார்கள்.

அதே 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர், சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று நிறுவினார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், இனத்தூய்மையின் பெயரால் சாதிக்குச் சொல்லப்பட்ட நியாயத்தையும் தகர்த்தார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2009இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, தமிழ்ப் பார்ப்பனக் குடும்பங்களையும் அவர்களுக்கு அருகில் வாழும் சாதிக் குடும்பங்களையும் எடுத்துக்கொண்டு, முதல் குரோமோசோமில் ஓரிடத்தைச் சுட்டியது. ஏன் சாதி? தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டவர்களின் மரபணு ஒரே சீராக இருக்கும், தேடுவது எளிது. அம்பேத்கர் சொன்ன அகமணம் இரத்தத்தில் விட்ட தடம் அது. அதில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை. இந்தியாவில் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் கலந்தே மணந்தார்கள் என்று 2013இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. ஆக, சாதி இயற்கையல்ல, வரலாறு.

மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு, மறுக்க வேண்டாம. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூற்றில் பத்துப் பேருக்கு வரலாம். ஆனால் ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. 2022இல் வந்த பெரிய ஆய்வு 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அதில் பெரும்பகுதி ஐரோப்பிய, கிழக்காசிய வம்சத்தாரின் மரபணுக்கள்.

மிச்சத்தைச் சமூகத்தில் தேட வேண்டும். பிரிட்டனில் குடியேறிய கரீபியக் கறுப்பின மக்களிடம் இந்நோய் பல மடங்கு அதிகம். அவர்களின் சொந்தத் தீவுகளில் அப்படியில்லை. மரபணு ஒன்றுதான், வாழ்நிலை வேறு. இனப்பாகுபாடும் தனிமையும் காரணங்களில் அடங்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இப்போது பழவேற்காட்டைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' முறை இன்றும் பிறப்பைப் பார்க்கிறது. பாட்டு உரிமை முக்கியமாகப் பட்டினவர்களுக்கு. தலித் மீனவர்களும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே. பசியும் அவமானமும் மனதை என்ன செய்யும் என்று இங்கே யார் கணக்கெடுத்தார்கள்?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதிப் பாகுபாடின்றி அரசுச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. மனநோய்க்குச் சிகிச்சை என்று கருத்தடை செய்வதையும், சங்கிலியில் கட்டுவதையும் தடை செய்தது. இதை ஊர் ஊராகச் சொல்லுங்கள். "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், 1933ஐ நினைவூட்டுங்கள்.