முத்துக்குளித்துறைக்கு ஒரு சிக்கனப் பயணம்: மூழ்கியவர்களின் தடத்தில்

நம் குழுவினர் இதுவரை மேற்கொண்ட பயணங்கள் யாவும் தரையில் நிகழ்ந்தவை. குன்றுகளில் ஏறிக் குகைத்தளங்களைக் கண்டோம். கோயில்களின் அதிட்டானத்தில் ஊர்ந்து கல்வெட்டுகளைப் படித்தோம். இம்முறை இளைய நண்பர்கள் சிலர் வேறொரு விருப்பத்தை முன்வைத்துள்ளனர். கடலுக்கடியில் மூழ்க வேண்டுமாம்; செலவும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டுமாம்! ஸ்கூபா என்றதும் அனைவருக்கும் அந்தமானும் இலட்சத்தீவும் நினைவுக்கு வருகின்றன. விமானக் கட்டணத்தை எண்ணியதும் அந்நினைவு வந்த வழியே திரும்பி விடுகிறது.

சென்னையிலிருந்து ஓரிரவு இரயில் பயணத் தொலைவில், ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் பிழைப்புக்காக மூழ்கி வந்த கடல் ஒன்று உண்டு. மணப்பாடு தொடங்கி இராமேசுவரம் வரை நீளும் மன்னார் வளைகுடாவின் கரை அது. அதன் தென்பகுதிக்கு 'முத்துக்குளித்துறை' என்றே பெயர். மூழ்கக் கற்க விரும்புவோர் முன்பு அங்கே மூழ்கியவர்களை அறிந்துகொண்டு நீரில் இறங்குவது நன்று என்று எங்களுக்குத் தோன்றியது. அதன் விளைவே பாதி பயணத் திட்டமாகவும் பாதி வரலாறாகவும் அமைந்த இக்கட்டுரை.

காலமும் வழியும்

எப்போது செல்வது? இதற்கான விடையை முன்னோர் வகுத்து வைத்துள்ளனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று கிளம்புவதற்கு முற்பட்ட இடைவெளியில்தான் இக்கடல் அமைதியுற்றுத் தெளியும். முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச் முதல் மே வரையிலான காலத்தில் நிகழ்ந்ததற்குக் காரணம் இதுவே. நாமும் மார்ச்சுக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையே நான்கு நாட்களை ஒதுக்கலாம்.

முத்துநகர் விரைவு வண்டியில் இரவு ஏறினால் காலையில் தூத்துக்குடி. முதல் நாள் தெற்கே கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு. இரண்டாம் நாள் தூத்துக்குடி நகரம். மூன்றாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி வழியே கீழக்கரையும் பெரியபட்டினமும். நான்காம் நாள் மண்டபமும் பாம்பனும். பேருந்துகளே போதும். நால்வர் ஐவராகச் சேர்ந்தால் ஒரு வாடகை வண்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். கொற்கை போன்ற உள்ளூர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கொற்கை: இரு சாட்சிகள்

இன்றைய கொற்கை கடலிலிருந்து சுமார் 6 கி.மீ. உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைதியாக இருக்கிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்து, கடலைத் தள்ளி வைத்துவிட்டது. 1968-69-ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கு அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 அளவில் கணிக்கப்பட்டது.

இவ்வூரின் மூழ்குநர்களைப் பற்றிப் பழஞ்சாட்சிகள் இரண்டு உள்ளன; இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற் பயண விளக்கம்' (பெரிப்ளூஸ்), பாண்டிய நாட்டு முத்துச் சலாபத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் வேலை செய்வதாகக் கூறுகிறது. அகநானூற்றின் 350-ஆம் பாடலோ வேறொரு காட்சியைக் காட்டுகிறது. சுறாவை விலக்கி வலம்புரிக்கு மூழ்கிய பரதவர் சங்கொலி முழங்கத் திரும்புகின்றனர். கொற்கை ஆரவாரத்துடன் அவர்களை எதிர்கொள்கிறது.

குற்றவாளிகளை ஊர் கூடி வரவேற்குமா? அயல்நாட்டு வணிகன் துறைமுகத்தில் கேட்ட செவிவழிச் செய்தியை எழுதியிருக்கலாம். அரசனுக்குரிய பார்களில் தண்டனைக் கைதிகளும் பிற இடங்களில் பரதவரும் மூழ்கியிருக்கலாம். ஒன்று முத்தைப் பற்றியும் மற்றொன்று சங்கைப் பற்றியும் பேசுவதால் இரண்டும் உண்மையாக இருக்கவும் இடமுண்டு. புலவர் பாடியதையே வரலாறாகக் கொள்வதும், கிரேக்கர் எழுதியதாலேயே அதை நம்புவதும் ஒரே வகைப் பிழையின் இரு முகங்கள். அவ்விரு சாட்சிகளும் ஒத்துப்போவது ஒன்றில்தான். மூழ்கியவனின் பெயரை இரண்டுமே சொல்லவில்லை.

கல்லில் நின்ற முத்துகள்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை நம் குழுவில் அறியாதவர் இல்லை. இராசராசன் அளித்த அணிகலன்களில் கோத்த முத்துகளை அவை எவ்வளவு நுணுக்கமாக வகைப்படுத்துகின்றன! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வடிவத்துக்கும் ஒளிக்கும் குறைக்கும் தனித்தனிப் பெயர்கள். எண்ணிக்கை தவறவில்லை, எடை தவறவில்லை. தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக்கூட ஒவ்வொன்றாகப் பொறித்த அந்தச் சுவர்களில், முத்தை எடுத்து வந்தவனுக்கு இடம் வாய்க்கவில்லை. கோயிலுக்கும் அவனுக்கும் நடுவே வணிகரும் பண்டாரமும் நின்றனர். கோயிலுக்குள் வரும்போது முத்தில் கடலின் ஈரம் இல்லை.

காயலும் கடல்கட்டியும்

கொற்கை தூர்ந்தபின் அதன் இடத்தைக் காயல் பிடித்தது. இரண்டையும் அடையாளம் கண்டு விரிவாக எழுதியவர் கால்டுவெல். 1881-ல் வெளிவந்த அவரது திருநெல்வேலி வரலாற்றைப் பயணத்துக்கு முன் ஒருமுறை புரட்டுவது நலம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ முத்துக்குளிப்பை விரிவாக வருணித்துள்ளார். மூழ்குநர்கள் 4 முதல் 12 பாகம் வரை, அதாவது ஏறத்தாழ 7 முதல் 22 மீட்டர் வரை இறங்கினராம். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரத்தால் பெருமீன்களைக் கட்டி வைப்பவர்களுக்கு. அகநானூற்றுச் சுறா இங்கே மீண்டும் தலைகாட்டுவதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அச்சம் மாறவில்லை.

பின்னாளில் இந்த மந்திரக்காரருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர் வழங்கியது. ஆங்கிலேய அரசும் அவரை நியமித்துப் பங்கு அளித்தது. அவர் வராமல் மூழ்குநர்கள் படகேற மறுத்ததே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். பரம்பரை உரிமையாக வந்த அப்பதவியில் அன்று இருந்தவர் ஒரு கத்தோலிக்கர்! அவரது சமயம் மந்திரத்தின் ஆற்றலைக் குறைத்ததாக எவரும் கருதவில்லையாம்.

கல்லும் கயிறும்

முத்துக்குளித்தவர்களின் கருவிகள் மிகச் சில. காலை நுழைக்கக் கண்ணியிட்ட ஒரு கனத்த கல், ஒரு கயிறு, சிப்பியை இட ஒரு வலைப்பை. மூக்கை விரல்களால் அழுத்திக்கொண்டு கல்லின் கனத்தோடு இறங்குவர். அடியில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கையால் துழாவிச் சிப்பிகளைத் திரட்டிக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே படகில் நிற்பவர் இழுத்துக்கொள்வார். மூழ்குபவரின் உயிர் கயிறு பிடித்தவரின் கவனத்தில் இருந்தது.

இன்று தொடக்கநிலை ஸ்கூபா சான்றிதழ் பெறுவோருக்கு வகுக்கப்பட்டுள்ள எல்லை 18 மீட்டர். முத்துப்பார்களில் பலவற்றின் ஆழமும் ஏறக்குறைய அதுவே. அங்கு நீரின் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மூச்சடக்கி இறங்குபவனின் நுரையீரற் காற்று மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கும். நாம் முதுகில் காற்றுக் கலனும் கையில் ஆழமானியும் பக்கத்தில் பயிற்சியாளரும் இருக்க இறங்கப்போகும் அதே ஆழத்துக்கு, அவர்கள் ஒரே மூச்சில் ஒரு நாளில் பல முறை சென்று வந்தனர்.

தூத்துக்குடி: கொள்ளையும் வெறுமையும்

பதினாறாம் நூற்றாண்டில் முத்துச் சலாபத்தின் ஆதிக்கத்துக்காக எழுந்த பூசலில் பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். 1535-37 காலத்தில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் கத்தோலிக்கம் தழுவினர். 1542-ல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகை இன்றும் காணக் கிடைக்கிறது. 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. பின்னர் ஆங்கிலேயர். ஆள்பவர் மாறினாலும் முறை மாறவில்லை. சிப்பியில் பெரும்பங்கு அரசுக்கு. ஆங்கிலேயர் காலத்தில் மூழ்கியவருக்கு வாய்த்தது மூன்றில் ஒரு பங்கு. அதுவும் சிப்பியாகவே கிடைத்தது. உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும் அவரவர் ஊழ்.

எதிர்க்கரையில், 1905-ஆம் ஆண்டு இலங்கைப் பார்களில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே அப்பார்கள் ஒரு நிறுவனத்துக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1906-ஆம் ஆண்டுச் சலாபத்தில் பணியாற்றிய இளம் அதிகாரிகளுள் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவரானவர். 1907-க்குப் பின் சிப்பிகள் கிட்டவில்லை. குத்தகை எடுத்த நிறுவனமும் நொடித்தது.

நம் கரையிலும் நிலை இதுவே. முத்துச்சிப்பி ஆண்டுதோறும் விளையும் பயிரன்று. பார்கள் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடக்கும், திடீரென நிறையும். 1955 முதல் 1961 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து குளிப்பு நடைபெற்றது. 1961-ல் நடந்ததே இறுதி. 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். ஆனால் பார்கள் பழைய வளத்துக்குத் திரும்பவில்லை.

மூழ்குதல் மட்டும் நிற்கவில்லை. முத்து போனபின் சங்கு இருந்தது. வங்காளத்து மணமகளிரின் வளையல்களுக்கு இக்கடற் சங்கே நெடுங்காலமாகச் சென்றது. மூச்சடக்கி மூழ்கிய சங்குகுளிப்போர் பின்னர் படகிலிருக்கும் காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெறலாயினர். இதனால் நெடுநேரம் அடியில் இருக்க இயல்கிறது. ஆபத்தும் அங்கேதான். அழுத்தத்தில் நெடுநேரம் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடலில் கரைந்து நிற்கும். விரைந்து மேலேறினால் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். ஒரே மூச்சில் இறங்கி ஏறிய பாட்டனாரை இந்நோய் எளிதில் அணுகவில்லை. புதிய கருவி வந்தது; அதைப் பயன்படுத்தும் பயிற்சி வரவில்லை. நாம் கட்டணம் செலுத்திக் கற்கப்போகும் முதற் பாடம், மெதுவாக மேலேறு என்பது. அது பிழைப்புக்காக மூழ்குவோருக்கு முறையாகச் சென்று சேராமை நம் காலத்தின் குறை.

கீழக்கரையிலிருந்து பாம்பன் வரை

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் கீழக்கரை. முத்தும் சங்கும் கொழித்த வணிகத் துறை. அருகிலுள்ள பெரியபட்டினத்தில் அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் அக்கடல் வணிகத்தின் வீச்சைக் காட்டுகின்றன.

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பெண்கள் கடற்பாசிக்காக மூழ்குகின்றனர். பாதத்தைப் பாறை கிழிக்காதிருக்கத் தகட்டையோ செருப்பையோ கட்டிக்கொள்வர். விரல்களில் துணி சுற்றிக்கொள்வர். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் இத்தனை நாட்களே எடுப்பது என்று தமக்குள் வரம்பு வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவருக்கு 2015-ல் அமெரிக்காவில் ஸீகாலஜி விருது வழங்கப்பட்டது. இக்கரையில் மூழ்கிய ஒருவர் பெயரோடு அறியப்பட்ட அரிய தருணம் அது.

எங்கே மூழ்குவது?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி நுழைதல் குற்றம். பவளத்துண்டு ஒன்றைக் கையில் எடுப்பதும் குற்றம். பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக இரண்டு தீவுகள் நீருள் ஆழ்ந்துவிட்டன என்பதை நினைத்தால் இக்கண்டிப்பு மிகையன்று. ஆகவே 'நமக்குத் தெரிந்த படகுக்காரர்' என்று எவரேனும் அழைத்தால் மறுத்துவிடுக.

சிக்கன வழி இதுவே. புதுச்சேரியிலோ சென்னையை அடுத்த கோவளத்திலோ தகுதிபெற்ற பயிற்சியாளரிடம் மூழ்கக் கற்றுக்கொள்ளலாம். பெருஞ்செலவு அது ஒன்றுதான். அதில் மட்டும் சிக்கனம் கூடாது. முத்துக்குளித்துறையில் வனத்துறை அனுமதிக்கும் படகுச் சுற்றுகளோடு நிறைவு கொள்வோம். தங்குமிடத்தில் மிச்சம் பிடிப்போம். உணவைக் கடலோர ஊர்களின் சிறு கடைகளில் வைத்துக்கொள்வோம். மூழ்கிய மறுநாளே கொடைக்கானல் போகலாம் என்று ஒரு நண்பர் இப்போதே திட்டமிடுகிறார். மூழ்கியபின் ஒரு முழு நாளேனும் விமானமும் மலையும் ஆகா. காரணம் மேலே சொன்ன அதே நைட்ரஜன்!

ஒரு வேண்டுகோளும் உண்டு. செல்லும் ஊர்களில் முதிய குளியாட்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். 1961-ல் இருபது வயதினராய் மூழ்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் இசைந்தால் அவர்தம் பெயர், ஊர், படகு, பாரின் பெயர், கயிறு பிடித்தவரின் பெயர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். குளிர்ந்த நீர் முத்துக்கும் சிவந்த நீர் முத்துக்கும் கல்லில் இடம் கிடைத்தது. எடுத்தவருக்கு ஒரு தாளிலேனும் இடம் கிடைக்கட்டும். வர விரும்புவோர், நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு குறிப்பேட்டுடன் வருக.