மடியில் கனமும் வழியில் பயமும்

‘மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பண முடிப்போடு போகிறவன் கள்ளனுக்கு அஞ்ச வேண்டும். வெறுங்கையன் பாட்டுப் பாடிக்கொண்டே நடக்கலாம். மனிதன் ஆகாயத்தில் பாதை போட்ட பிறகு இந்தப் பழமொழி தலைகீழாகிவிட்டது. விமான நிலையத்து வாசலில், மடியில் ஒன்றும் இல்லாதவன்தான் தன் மடியில் ஒன்றும் இல்லை என்று நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நாமும் வரிசையில் நின்று, பையைத் திறந்து, கைகளை அகல விரித்துக் காட்டிவிட்டுப் போகிறோம். இது ஆதி நாளிலிருந்தே இருந்து வரும் சடங்கு என்றுகூடச் சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. அமெரிக்காவில் நான்கைந்து ஆண்டுக் காலம் பெரும் வாக்குவாதம் நடந்த பிறகே இது சட்டமாயிற்று. அந்த வாக்குவாதத்தின் கதை தெரிந்துகொள்ளத் தக்கது.

1960-களில் அமெரிக்கர்கள் ஏறக்குறைய நாம் பஸ் ஏறுவதைப் போலத்தான் விமானம் ஏறினார்கள். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடிய விமானங்களில், முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டு பிறகு டிக்கெட் வாங்கலாம். வழியனுப்ப வந்த உறவினர்கள் விமானத்தின் வாசல் வரைக்கும் வந்து கையசைப்பார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பார் இல்லை.

இந்த நிலைக்கு முதல் அடி 1961-ஆம் ஆண்டு மே மாதத்தில் விழுந்தது. ஒரு பிரயாணி ஆயுதத்தைக் காட்டி, விமானத்தைக் கியூபாவுக்குத் திருப்பச் சொன்னான். அதே ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதி கென்னடி, விமானக் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் என்னும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தூக்குக் கயிற்றுக்கு அஞ்சுகிறவன் விமானத்தையா கடத்தப் போகிறான்? 1968 முதல் 1972 முடிய, ஐந்தே ஆண்டுகளில், அமெரிக்க விமானங்களின் மேல் நூற்று முப்பதுக்கும் அதிகமான கடத்தல் முயற்சிகள் நடந்தன. விமானக் கம்பெனிகளோ, ‘எதிர்க்காதே, கேட்ட இடத்துக்குக் கொண்டு போ’ என்று விமானிகளுக்கு உத்தரவிட்டன. எந்த ஊருக்குப் போகிற விமானமானாலும் சரி, விமானியின் அறையில் கரீபியன் கடலின் வரைபடம் ஒன்று தயாராக இருந்தது!

1968-ஆம் ஆண்டு ஜூலையில் செனட் சபையின் கமிட்டி ஒன்று இதைப் பற்றி விசாரித்தது. பிளாரிடாவைச் சேர்ந்த செனட்டர் ஜார்ஜ் ஸ்மாதர்ஸ் ஒரு யோசனை சொன்னார். சிறைச்சாலைகளில் உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றை விமான நிலையங்களிலும் வைத்தால் என்ன என்று கேட்டார். விமானப் போக்குவரத்து இலாகாவின் அதிகாரி அதை ஏற்கவில்லை. பிரயாணிகள் பயந்து போவார்கள், அந்தரங்கத்தில் தலையிடுவதாகக் குறை சொல்வார்கள் என்றார். கம்பெனிகளின் கவலையும் அதுதான். நேரம் வீணாகும், செலவு யார் தலையில் விழும், குற்றவாளியைப் போல் நடத்தப்பட்டவன் மறுமுறை நம் விமானத்தில் ஏறுவானா என்று அவை கணக்குப் போட்டன. மானத்தையும் லாபத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்ததால், இந்த வாதத்தில் எது எந்தத் தட்டில் இருந்தது என்று சொல்வது கடினம்.

ஆனால் லாபத்தோடு சம்பந்தமில்லாத எதிர்ப்பு ஒன்றும் இருந்தது. வெள்ளைக்காரச் சர்க்கார் அமெரிக்காவை ஆண்ட காலத்தில், சுங்க அதிகாரிகள் பொது வாரண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எவர் வீட்டிலும் நுழைந்து துழாவினார்கள். 1761-இல் ஜேம்ஸ் ஓடிஸ் என்னும் வக்கீல் அதை எதிர்த்துப் பாஸ்டன் நீதிமன்றத்தில் வாதாடினார். அந்தக் கசப்பு மறக்காமல்தான், 1791-இல் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தில், நியாயமற்ற சோதனைகளுக்கு ஜனங்களை ஆளாக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். சந்தேகத்துக்குக் காரணமே இல்லாமல் ஆயிரம் பேரைத் தடவிப் பார்ப்பது, பாட்டன்மார் விரட்டிய பேயைப் பேரன்மார் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது ஆகாதா? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே நடுவழி ஒன்றைத் தேடினார்கள். மனத்தத்துவ நிபுணர் ஒருவரைக் கொண்டு, கடத்தல்காரர்களிடம் பொதுவாகக் காணப்படும் அடையாளங்களை ரகசியமாகத் தொகுத்தார்கள். 1969-இல் அது நடைமுறைக்கு வந்தது. அடையாளம் பொருந்துகிறவரை மட்டும் கருவியின் ஊடே நடக்கச் சொல்லிச் சோதிப்பது. மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவது. நூற்றுக்கு ஒருவர்கூட அந்த வலையில் விழவில்லை. கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் 1971-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு வந்தது. பிரயாணி ஒருவரிடம் போதைப் பொருள் அகப்பட்டிருந்தது. நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் விசாரித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது: கம்பெனியின் ஊழியர்கள் அசல் பட்டியலைத் தங்கள் இஷ்டப்படி திருத்தி, ஆளின் இனத்தையும் ஓர் அடையாளமாகச் சேர்த்திருந்தார்கள். கிடைத்த சாட்சியத்தை நீதிபதி ஏற்க மறுத்துவிட்டார். ‘எல்லாரையும் சோதித்தால் அவமானம்’ என்று சொன்னவர்கள், சிலரை மட்டும் பொறுக்கி எடுப்பதில் இருக்கும் அவமானத்தை அப்போதுதான் கண்டார்கள்.

இதற்குள் கடத்தல்காரர்களின் நோக்கமும் மாறியது. 1971 நவம்பரில் ஒருவன் இரண்டு லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு பாராசூட் கட்டிக் குதித்து மறைந்தான். அவனைப் பார்த்துப் பலர் கிளம்பினார்கள். 1972 ஜூன் 19-ஆம் தேதி, பாதுகாப்புக் கோரி உலகத்தின் பல நாடுகளில் விமானிகள் ஒரு நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அப்போதும் கம்பெனிகள் அசையவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி, அலபாமாவில் மூன்று பேர் ஒரு விமானத்தைப் பிடித்தார்கள். கேட்ட பணம் வராவிட்டால் ஓக் ரிட்ஜிலுள்ள அணுசக்தி நிலையத்தின் மேல் விமானத்தை மோதுவோம் என்று மிரட்டினார்கள். சுமார் முப்பது மணி நேரம் அந்த விமானம் ஊர் ஊராக அலைந்து, டயர்கள் சுடப்பட்ட நிலையில் ஹவானாவில் இறங்கியது. பிரயாணிகள் உயிர் பிழைத்தது தெய்வச் செயல். விமானம் என்பது பிரயாணிகளின் உயிருக்கு மட்டும் ஆபத்தல்ல, தரையில் இருப்பவனின் தலைக்கும் மேலே தொங்கும் வாள் என்று அன்றுதான் எல்லாருக்கும் உறைத்தது. டிசம்பரில் அவசர உத்தரவு பிறந்தது. 1973 ஜனவரி 5-ஆம் தேதியிலிருந்து பிரயாணிகள் எல்லாரையும், அவர்கள் கைப்பைகளையும் சோதிக்க வேண்டியதாயிற்று.

பயந்தபடி ஜனங்கள் விமானத்தைப் பகிஷ்கரித்தார்களா? இல்லை. முணுமுணுத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். கடத்தல்கள் சட்டென்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. அடுத்த மாதமே கியூபாவோடு ஏற்பட்ட உடன்படிக்கைக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு. நீதிமன்றங்களும் சம்மதித்தன, ஆனால் நிபந்தனையோடு சம்மதித்தன. 1973-இல் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட்டு, ஆயுதம் விமானத்தில் ஏறாமல் தடுப்பது மட்டுமே சோதனையின் நோக்கமாக இருக்க வேண்டும், பிரயாணம் வேண்டாம் என்று திரும்பிப் போகிறவனைச் சோதிக்கலாகாது என்று சொல்லியது.

அவசரத்துக்கு வந்த விருந்தாளி அதன் பிறகு வீட்டை விட்டுப் போகவே இல்லை. 1974-இல் காங்கிரஸ் சபை அதை நிரந்தரச் சட்டமாக்கியது. 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய பத்தொன்பது பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கம்ப்யூட்டர் சந்தேகித்துப் பொறுக்கியும் இருந்தது. ஆனால் அன்றைய விதிப்படி அவர்களுடைய பெட்டிகளைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். ஆட்களைப் பற்றி அல்ல. அதன் பிறகு விதிகள் மலைபோல் வளர்ந்தன. ஒருவன் காலணியில் வெடி வைத்ததால் எல்லாரும் காலணியைக் கழற்றினார்கள். 2006-இல் கட்டாயமான அந்த விதி 2025 ஜூலையில்தான் போயிற்று. உடையைத் தாண்டி உடம்பையே படம் காட்டிய யந்திரங்களைப் பற்றி 2010-இல் பெருங் கூச்சல் எழுந்தது. 2013-இல் அவற்றை அப்புறப்படுத்தினார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. காலணியும் படமும் தாமாகத் திரும்பிப் போகவில்லை. யாரோ சிலர், ‘இது இன்னும் எதற்கு?’ என்று சலிக்காமல் கேட்டார்கள். ‘மடியில் கனமில்லாதவனுக்கு என்ன பயம், காட்டிவிட்டுப் போயேன்’ என்று அவர்களிடமும் பலர் சொல்லியிருப்பார்கள். அது சரியான பதில் அல்ல. பக்கத்து ஆசனத்துக் குழந்தையின் உயிருக்காக நம் பையைத் திறந்து காட்டுவதில் ஒரு குறைவும் இல்லை. அது நாகரிக மனிதனின் கடமை. ஆனால் எல்லாருக்கும் ஒரே விதமாகச் சோதனை நடக்கிறதா, சொன்ன காரியத்துக்காகவே நடக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பதும் அதே மனிதனின் கடமைதான். வரிசையில் பொறுமையாக நிற்கத் தெரிந்த ஜனங்கள், நின்றபடியே இதையும் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.