வாச்சாத்தி வழக்கில் சாட்சியமும் நம்பகமும் (1992–2023)

ஆய்வுச் சுருக்கம்

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் சொல் எச்சூழலில் நம்பப்படுகிறது என்னும் வினாவை வாச்சாத்தி வழக்கின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நம்பகம் என்பது சொல்பவரின் உண்மையை மட்டும் சார்ந்ததன்று. யார், எந்த அதிகாரத்தோடு கேட்கிறார் என்பதையும் சார்ந்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வாச்சாத்தி, பழங்குடியினர், சாட்சியம், பாலியல் வன்கொடுமை, நீதிமன்றம்

முன்னுரை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் வாச்சாத்தி. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, ஊரார் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர்.

புகாருக்கு இடமின்மை

புகாரைப் பதிவு செய்யவேண்டிய காவல்துறையே குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பாக இருந்தது. பாதிக்கப்பட்ட பெண்களோ கடத்தல் வழக்கில் கைதாகிச் சேலம் சிறையில் இருந்தனர். அரசுப் பதிவேட்டில் அவர்கள் குற்றவாளிகளாகவே முதலில் இடம்பெற்றனர். ஆகவே புகார் தாமதமானதற்குக் காரணம் அவர்களது தயக்கம் மட்டுமன்று. அத்தாமதத்தை உண்டாக்கியது அவர்களைச் சிறைப்படுத்திய நிருவாகமே. பின்னாளில் அதே தாமதம் அவர்களது சொல்லை ஐயுறுவதற்கான வாதமாக முன்வைக்கப்பட்டமை கருதத்தக்கது.

கேட்ட செவிகள்

1992 ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகம் உள்ளிட்டோர் நிகழ்வை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். அரசுத் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து அறிக்கை அளித்தது ஒரு திருப்பம். அதுவரை ஓர் இயக்கத்தின் குற்றச்சாட்டாகக் கருதப்பட்டதற்கு அரசமைப்பு சார்ந்த நிறுவனம் ஒன்றின் சான்று கிடைத்தது. 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என 269 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது.

சட்டத்தின் அளவுகோல்

இக்காலத்தில் சட்டத்தின் பார்வையும் மாறிவந்தது. துக்காராம் எதிர் மகாராட்டிர மாநிலம் வழக்கில் (1979), உடலில் காயம் இல்லாமையை இசைவின் அடையாளமாகக் கொண்டு காவலர் இருவரை உச்சநீதிமன்றம் விடுவித்தது. அவ்வழக்கிலும் பாதிக்கப்பட்டவர் பழங்குடிப் பெண்ணே. அத்தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, அரசு ஊழியரின் காவலில் உள்ள பெண் தாம் இசையவில்லை எனக் கூறினால், நீதிமன்றம் அவ்வாறே அனுமானிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாயின் அதற்கு வேறு ஆதாரம் கட்டாயமன்று என 1996இல் குர்மித் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். பாலியல் வன்கொடுமைக்காக 17 பேர் தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29 அன்று அவர் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க ஆணையிட்டார்.

முடிவுரை

பெண்கள் 1992இல் சொன்னதும் 2023இல் உறுதிசெய்யப்பட்டதும் அடிப்படையில் ஒன்றே. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் மாறியது கேட்போரின் நிலையே. எனினும் இவ்வழக்கை முழு வெற்றியாக மட்டும் வாசித்தல் பொருந்தாது. ஒரே கொடுமையைச் சொல்லப் பதினெட்டுப் பெண்கள் இருந்தனர். அவர்களுக்குப் பின்னால் ஓர் ஊரும் ஓர் இயக்கமும் நின்றன. அத்துணையும் இருந்தும் முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் ஆயின. சாட்சியத்தின் வலிமை எண்ணிக்கையில் இல்லை எனச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. தனியொருத்தியாகப் புகார் சொல்லும் பெண்ணிடம் சமூகமும் அதே அளவுகோலைக் கடைப்பிடிக்கிறதா என்பது மேலும் ஆராயப்பட வேண்டியது.