மகிடனுக்கும் ஒரு குடை

விண்ணவர் படை தீமையை வென்ற கதையை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் பன்முறை தீட்டினர். இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1518இல் தீட்டிய படத்தில், தேவதூதர் தலைவரான மிக்கேல் வீழ்ந்த சாத்தான்மீது காலூன்றி ஈட்டியை ஓங்குகிறார். போர் ஏறத்தாழ முடிந்துவிட்டது. பிளெமிய ஓவியர் புரூகல் 1562இல் தீட்டிய படத்திலோ போர் உச்சத்தில் நிற்கிறது. பொற்கவசம் பூண்ட மிக்கேல் வாள் வீச, மீன் உடலும் பட்டுப்பூச்சிச் சிறகும் தவளை வயிறுமாகப் பேய்கள் வானிலிருந்து கொட்டுகின்றன. நெடுநாள் பிறர் கைவண்ணமென்றே எண்ணப்பட்ட இப்படத்தின் உண்மையைச் சட்டத்தின் அடியில் மறைந்திருந்த கையொப்பமே காட்டிற்று.

இவ்விரு காட்சிகளையும் தமிழ்ச் சிற்பி இவற்றிற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரே ஊரில் வடித்துவிட்டான். மாமல்லபுரத்துத் திரிமூர்த்தி குகையின் புறச்சுவரில் கொற்றவை எருமைத் தலைமேல் நிற்கிறாள். வென்று முடித்த கோலம் அது. சிலப்பதிகார வேட்டுவ வரி பாடும் கோலமும் அதுவே. கலங்கரை விளக்கத்தின் அருகிலுள்ள மகிடாசுரமர்த்தினி குகையின் வடசுவரில்தான் போர் நடக்கிறது. இதனை முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலத்ததென்பர் பலர்; இராசசிம்மன் காலத்ததென்பாரும் உளர்.

முந்தியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. எட்டுக் கரத்தாள் சிங்கத்தின்மீதேறி வில்லை வளைக்கிறாள். குள்ளப் பூதகணங்கள் ஆரவாரத்தோடு முன்னேறுகின்றன. அசுரன் ஒருவன் தலைகீழாய் விழுகிறான். மகிடனோ பின்வாங்குகிறான், ஆனால் ஓடவில்லை. இரு கைகளாலும் கதையைப் பற்றி, உடலைச் சாய்த்து, எதிரியை நோக்கியபடியே விலகுகிறான். தலை எருமைத் தலை. உடலோ கட்டமைந்த வீரனுடையது. தேவிக்குக் குடை பிடித்த சிற்பி மகிடனுக்கும் குடை பிடித்திருக்கிறான்! அவனும் ஓர் அரசன் அல்லனோ?

புரூகலின் பேய்களைக் கண்டால் அருவருப்பு வரும். சற்றே சிரிப்பும் வரும். மகிடனைக் கண்டால் அச்சமே வரும். அற்பனை வெல்லத் தேவி எதற்கு? செனாய் போன்ற ஊர்களின் அம்மன் கோயில்களில் நவராத்திரி அலங்காரத்தைக் காண்போர் பெரும்பாலும் காலடியில் கிடக்கும் மகிடனையே அறிவர். நிமிர்ந்து போரிடும் மகிடனைக் காண மல்லைக்குத்தான் செல்ல வேண்டும்.

அக்குகையின் தென்சுவரில் திருமால் அரவணையில் துயில்கிறார். காலடியில் மதுவும் கைடபனும் கதையோடு நிற்கின்றனர். அங்கே போர் இன்னும் தொடங்கவில்லை.