பாபா வழியும் மாமா வழியும்



ஒரே மலைக்கு நம் நாட்டில் மூன்று நான்கு பெயர்கள் உண்டு. சைவர்களுக்கு அது சிவனொளிபாதம். பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத. எங்கள் சாய்ந்தமருதிலும் அயலூர்களிலும் முதியோர் வாயில் அது எப்போதும் 'பாவா ஆதம் மலை'தான். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையைக் கண்ணால் காணாதவர்களுங்கூட, ஆதம் நபி (அலை) அவர்களின் பாதம் பதிந்த இடம் என்று அதை அறிந்து வைத்திருந்தனர். அந்த மலைக்கு 1344ஆம் ஆண்டில் நடந்து சென்று, நடந்த வழியையும் எழுதி வைத்த ஒரு மனிதரைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா அவர்களே அந்த மனிதர். இலங்கைக்கு வருமுன்னரே அவர் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் மொகதீசு, மொம்பாசா, கில்வா ஆகிய துறைகளைக் கண்டிருந்தார். அங்கே உள்நாட்டில் பனி மூடி நிற்கும் கிளிமஞ்சாரோவை அவர் நாடிச் செல்லவில்லை. மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று திசை மாற்றி நமது கரையில் சேர்த்தபோதோ, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாதத்தை ஸியாரத் செய்ய வழி வேண்டும்.

அவர் கேட்டது யாரிடம்? புத்தளத்தில் தங்கியிருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம். இவர் யாழ்ப்பாணத்து அரச மரபினர், முஸ்லிம் அல்லர். ஆயினும் பாரசீக மொழி விளங்கிக் கொள்ளக்கூடியவர். தூர தேசத்துக் கதைகளில் விருப்பமுள்ளவர். விருந்தாளியின் விருப்பத்தைக் கேட்ட மன்னர் செய்து கொடுத்த ஏற்பாடு இன்றைய மலையேற்றக் குழுக்களையும் வெட்கப்பட வைக்கும். ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க அடிமைகள், ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசித்து வழி தெரிந்த நான்கு யோகிகள், மூன்று பிராமணர், மன்னரின் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிம் பயணியை ஆதம் நபியின் பாதத்துக்கு அழைத்துச் சென்றவர்கள் யோகிகள் என்பதை ஈண்டு நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதல் நாள் ஓர் ஆற்றங்கரையில் தங்கி, மூங்கில் தெப்பத்தில் ஆற்றைக் கடந்தனர். பின்னர் சலாவத் துறை, அதாவது இன்றைய சிலாபம். அதற்கப்பால் நீர் நிறைந்த கரடுமுரடான நிலம், யானைக் காடு. அடுத்து குனக்கார் என்னும் அரச நகர். அது குருநாகல் என்பர் சிலர். இரத்தினபுரிப் பக்கம் என்பர் வேறு சிலர்.

அந்த நகருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மான் அவர்களின் பள்ளிவாசல் இருந்தது. பாதத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். பசுவை அறுத்ததற்காக ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டார். மரண தண்டனைக்குரிய குற்றம் அது; அவர் மீதிருந்த மதிப்பினால் உயிர் தப்பியது. அதே அரசு அவருடைய வாழ்வுக்கு ஒரு சந்தையின் வரியையும் எழுதிக் கொடுத்தது. அவருக்குப் பின் மக்களும் அடிமைகளும் வழிகாட்டும் தொழிலைத் தொடர்ந்தனர். மன்னரும் குடிகளும் அவரது அடக்கத்தலத்தை மதித்து வந்தனர் என்கிறார் இப்னு பதூதா.

இந்த வழியை முதலில் திறந்தவராக அவர் குறிப்பிடுவது 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷீராஸின் இப்னு கபீஃப் என்னும் பெரியாரை. பசி தாங்காத தோழர்கள் யானைக் கன்றை உண்ண, உண்ணாத அவரை மட்டும் யானை முதுகில் ஏற்றி ஊர் சேர்த்ததாம். அதுவரை முஸ்லிம் பக்கீர்களை ஒதுக்கி வைத்திருந்த மக்கள், அதன் பிறகு அவர்களைத் தங்கள் வீட்டுக்குள் அழைத்து உண்ணவும் வைத்தனராம். யானைக் கதை நடந்ததோ இல்லையோ, வீட்டுக் கதவு திறந்த செய்தி முக்கியமானது.

மலையடியில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. நமக்கு மாமா என்றால் உம்மாவின் சகோதரர். இங்கே மாமா என்பது ஹவ்வா உம்மாவைக் குறிக்கும். மாமா வழி இலகுவானது, திரும்பி வருவதற்குரியது. அதில் ஏறியவர் ஸியாரத் செய்தவராகவே கணக்கில்லை. பாபா வழியோ செங்குத்தானது. பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, பிடித்து ஏறச் சங்கிலி கோத்திருந்தார்கள். வாயிலருகே இரண்டு, அப்பால் ஏழு, கடைசியாகப் பத்தாவது. அந்தப் பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாச் சொல்லிவிடுவாராம்!

அட்டைக் கடியையும் அவர் மறக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்து அட்டையின் மேல் பிழிய வேண்டும். அலட்சியம் செய்த ஒருவர் இரத்தம் வடிந்து இறந்துபோன கதையும் உண்டு. கிழ்று நபியின் குகையில் மூட்டை முடிச்சுகளை வைத்துவிட்டு, மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குச் சென்று வருவது வழக்கம். பாதத்தைச் சுற்றிப் பாறையில் ஒன்பது குழிகள். பிற மதத்து யாத்திரிகர் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவர். பக்கீர்கள் முந்தி ஓடி எடுத்துக்கொள்வர். இப்னு பதூதாவுக்குக் கிடைத்தது சில சிறு கற்களும் கொஞ்சம் பொன்னும். அவற்றை அவர் வழிகாட்டியிடமே கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் தெவிநுவரைக் கோயிலையும் காலியையும் கண்டு கொழும்பை அடைந்தார். அங்கே கடலதிகாரியிடம் ஏறத்தாழ ஐந்நூறு ஹபஷிகள், அதாவது ஆபிரிக்க வீரர்கள், இருந்தனர் என்று எழுதுகிறார். ஆபிரிக்காவும் இலங்கையும் அக்காலத்தில் அவ்வளவு தூரமில்லை.

1355இல் எழுதி முடிக்கப்பட்ட இந்தப் பயண நூலை நம்மவர் சிலர் காணி உறுதி போல எடுத்து விரிப்பதை நான் கண்டிருக்கிறேன். 'பாருங்கள், மலை நம்முடையது' என்பர். வேறு சிலர் வெட்டுண்ட கையையும் காலையும் மட்டும் எடுத்துச் சொல்லி, 'பாருங்கள், அவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்பர். இரண்டும் பாதி வாசிப்பு. கை வெட்டிய தேசமே சந்தை வரியையும் கொடுத்தது. குழியில் பொன் இட்டவர் ஒரு மதத்தவர், எடுத்தவர் இன்னொரு மதத்தவர். 1990க்குப் பின் எங்கள் கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவை ஒருவர் அஞ்சிய காலத்தைக் கண்டவர்களுக்கு, முழுவதையும் வாசிப்பதன் அவசியத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1889இல் கிளிமஞ்சாரோவின் உச்சியை அடைந்தவர்களாக ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற இரு பெயர்களை உலகம் படிக்கிறது. சுமை தூக்கிய உள்ளூர் மனிதரை அவ்வாறு படிப்பதில்லை. இன்று அந்தத் தேசியப் பூங்காவில் வழிகாட்டி இல்லாமல் மலையேற அனுமதியே இல்லை. நம் மலையின் கதையிலும் மன்னருக்குப் பெயர் உண்டு, ஷெய்குக்குப் பெயர் உண்டு. நான்கு யோகிகளுக்கும் பதினைந்து சுமைகாரருக்கும் பல்லக்குச் சுமந்தோருக்கும் எண்ணிக்கையோ தொழிலோ மட்டுமே மிச்சம். அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பயணமும் இல்லை, நாம் இன்று வாசிக்கும் ஏடும் இல்லை. பாவா ஆதம் மலையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்த நான்கு யோகிகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.